இடப்பக்கத்து முள்

1961-ஆம் வருஷம், கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த வைத்தியர் ஒருவர், வாரத்தில் ஆறு நாளும் கறுப்பு மோரிஸ் மைனரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும், கொட்டகையின் கதவைத் தாமே திறந்து, துணிக் கூரையைப் பின்னால் மடக்கிக் கட்டிவிட்டு, செந்நிறமான இரட்டை ஆசன எம்.ஜி. கார் ஒன்றில் புறப்படுவது வழக்கம். என் தகப்பனார் மில் ஒன்றில் கணக்கர். பங்களா ஒன்றின் பின்கட்டில் எங்கள் ஜாகை. மற்றப் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நான் மாத்திரம் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், வைத்தியர் வீட்டு வாசற்படியருகே போய் நிற்பேன். அந்தக் காரின் நீண்ட முன்புறமும், இருபுறமும் அலைபோல் எழுந்து தாழும் மட்கார்டுகளும், உடம்பில் ஒட்டாமல் தனித்தனியே கண்கள்போல் நிற்கும் விளக்குகளும், பின்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் செங்குத்தாகச் சார்த்திய உபரிச் சக்கரமும், எல்லாவற்றுக்கும் மேலாக, நுண்ணிய கம்பி ஆரங்களால் பின்னிய அந்த உயர்ந்த சக்கரங்களும் ஒன்பது பிராயத்துப் பையனான என் நெஞ்சில் எத்தகைய கிளர்ச்சியை உண்டாக்கின என்பதை இன்று எழுபத்து மூன்றாவது வயதில் நினைத்துப் பார்த்தாலும் கை லேசாக நடுங்குகிறது.

பல ஞாயிறுகள் இப்படி நின்ற பிறகு, ஒருநாள் வைத்தியர் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து, "ஏறிக்க கண்ணு" என்றார். பின்பக்கம் கீல் வைத்த, முழங்கை சாய்வதற்காக வளைவாக வெட்டிய சிறிய கதவு அது. உட்கார்ந்தால் தரை அவ்வளவு சமீபத்தில் இருந்தது, கையை நீட்டினால் சாலையைத் தொட்டுவிடலாம் போல. ரேஸ் கோர்ஸிலிருந்து திரும்பி, லக்ஷ்மி மில் முக்கைத் தாண்டி, பீளமேட்டைக் கடந்து, விமான நிலையத்துக்குப் பிரியும் பாதையையும் விட்டு, அவிநாசி சாலையில் நேரே சின்னியம்பாளையம் வரைக்கும் போனோம். முன்கண்ணாடியைத் தாழ்த்தி மடக்கியிருந்ததால் காற்று நேரே முகத்தில் அறைந்தது. என் கண்ணுக்கு நேரே, பலகையில், பெரிய வட்டமான ஸ்பீடாமீட்டர் ஒன்று பதித்திருந்தது. "எவ்வளவு காட்டுதுன்னு பார்த்துச் சொல்லீட்டே வா கண்ணு" என்றார் வைத்தியர். நானும் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், முப்பது, முப்பத்தஞ்சு, நாற்பது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். சின்னியம்பாளையத்துக்குச் சற்று முன்னால் அந்த முள் ஐம்பத்திரண்டைத் தொட்டது. மைல் கணக்கு. அதற்குப் பிறகு வைத்தியர் காலைத் தளர்த்திவிட்டார்.

அன்று எனக்குப் பிடித்தது ஒரு பித்து என்றே சொல்லவேண்டும். 1967-இல் அந்தக் காரைப் பம்பாய்க்காரர் ஒருவருக்கு வைத்தியர் விற்றபோது, அதை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டுவதைத் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று கடைசி முடிச்சுவரைக்கும் பார்த்தேன். பிற்காலத்தில் அதே காரைக் கண்டுபிடிக்க எவ்வளவோ பிரயத்தனப்பட்டும் அது எங்கே போயிற்று என்ற தடயம் கிடைக்கவில்லை. ஆகவே இன்று என் கொட்டகையில் நிற்பது அந்தக் கார் அல்ல. அதனுடன் ஒரே கருவில் உதித்த பதினாயிரம் சகோதரங்களில் ஒன்று.

அந்தப் பதினாயிரத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் சைக்கிள் பழுது பார்ப்பதில் ஆரம்பித்து மோட்டார்த் தொழிலின் சக்கரவர்த்தியாக உயர்ந்த வில்லியம் மோரிஸுக்குச் சொந்தமான மோரிஸ் காரேஜஸ் என்ற விற்பனை நிலையத்தில், 1922-இல் மானேஜரான சிஸில் கிம்பர் என்பவர், மோரிஸின் சாதாரணக் கார்களின் உறுப்புகளையே எடுத்து, அவற்றின்மேல் அழகும் துடிப்பும் உள்ள உடல்களை அமைத்து விற்கத் தொடங்கினார். அந்த நிலையத்தின் முதலெழுத்துகளே எட்டுக்கோண முத்திரைக்குள் அமர்ந்த எம்.ஜி. ஆயின. 1929-இல் தொழிற்சாலை அபிங்டன் என்ற சிற்றூருக்குப் பெயர்ந்தது. சொற்ப விலையில், சாமானிய மனிதனுக்கும் பந்தயக் காரின் பரவசத்தைக் கொடுக்கவேண்டும் என்பது கிம்பரின் லட்சியம். யுத்த காலத்தில் நிர்வாகத்துடன் ஏற்பட்ட மனஸ்தாபத்தால் தாம் வளர்த்த அந்த ஸ்தாபனத்திலிருந்தே அவர் வெளியேற நேர்ந்தது. 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நிகழ்ந்த ரயில் விபத்தில் அவர் மாண்டார். யுத்தம் முடிந்து அதே வருஷக் கடைசியில் அபிங்டனிலிருந்து வெளிவந்த டி.ஸி. என்ற மாடலை, அவருடைய ஆத்மா முழுவதும் குடிகொண்டிருந்த அந்தக் காரை, அவர் பார்க்கவில்லை.

1945 முதல் 1949 வரை நாலே வருஷம் தயாரான டி.ஸி.யின் என்ஜின் 1,250 ஸி.ஸி.; அதன் சக்தி 54 குதிரைத் திறன்; வேகம் மணிக்கு 75 மைலைச் சற்றே தாண்டும். இன்றைய கல்லூரி மாணவன் ஓட்டும் மோட்டார் சைக்கிளே இதை அநாயாசமாக முந்திவிடும். ஆனாலும், ஐரோப்பாவில் போர் செய்துவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் வழியாகவும் ஏற்றுமதியின் வழியாகவும் கடல் கடந்த இந்தச் சிறிய கார், வலப்பக்கத்தில் ஸ்டியரிங் உள்ளதாகவே எல்லாத் தேசங்களுக்கும் போய், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்னவென்றே அறியாதிருந்த ஒரு தலைமுறைக்கு அந்த ருசியை முதன்முதலாகக் காட்டியது. அமெரிக்காவில் டி.ஸி. ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டி அரிச்சுவடி கற்ற ஃபில் ஹில், அந்நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனாக முடிசூடியது 1961-இல். அவிநாசி சாலையில் நான் முள்ளைப் பார்த்து எண் சொன்ன அதே வருஷம்.

நம் தேசத்தில் அந்த ஆசையை வளர்த்துக்கொண்டவனுக்கு வழி எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்தது. ஐம்பதுகளில் சர்க்கார் வகுத்த கொள்கைப்படி இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமுள்ள கம்பெனிகளுக்கு மட்டுமே இடம் கிடைத்ததால், உறுப்புகளைத் தருவித்துக் கோத்துக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அம்பாஸிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றைத் தவிர வேறொன்றைச் சாமானியன் காண்பது அபூர்வமாயிற்று. ஆகவே ஒரு எம்.ஜி. வேண்டுமானால், அந்நியர் விட்டுப்போன பழைய வண்டிகளுக்குள்தான் தேடவேண்டும். ஆனால் இந்த வறட்சியிலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பம்பு உற்பத்தி செய்யும் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்து வாங்கிய பழைய அம்பாஸிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் நேர் வாரிசு. அதிலிருந்த 1,489 ஸி.ஸி. என்ஜின், ஐம்பதுகளில் எம்.ஜி.ஏ. என்ற அழகிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருத்திய என்ஜினின் குலத்தைச் சேர்ந்தது. நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் அரை நூற்றாண்டு உழைத்துத் தேய்ந்த அந்த வண்டிக்குள் அப்படியொரு ரத்த சம்பந்தம் இருப்பதை அறிந்த நாளிலிருந்து, அதன் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை உண்டாகும்.

1973-இல், சிநேகிதர்கள் மூவருடன் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து சோழவரம் சென்றேன். யுத்தத்தின்போது அமைத்த விமான ஓடுபாதையில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷந்தோறும் பந்தயங்கள் நடத்திவந்த காலம் அது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவுகளை அமைத்திருந்தார்கள். வெயிலில் தார் உருகும் வாசனையும் ஆமணக்கெண்ணெய் எரியும் வாசனையும் கலந்து வீசின. பந்தயத்தைவிட எனக்கு முக்கியமாயிருந்தது, பார்வையாளர்கள் வண்டிகளை நிறுத்திய மைதானத்தின் ஓரத்தில், பச்சை நிறத்தில், தூசி படிந்து நின்ற ஒரு டி.ஸி. அதன் சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை. கம்பி ஆரங்களின் நடுவே, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரட்டைக் காதுள்ள திருகை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கல்யாணம், குழந்தைகள், தகப்பனாரின் வியாதி, வீட்டுக் கடன். இவற்றை விஸ்தரிக்கவேண்டியதில்லை, நம்மில் எல்லாருடைய ஜீவியமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2010-இல் ஓய்வு பெற்றேன். மறுவருஷம், குன்னூரில் தேயிலைத் தோட்டமொன்றின் பம்பு செட்டைப் பார்த்துத் தரும்படி பழைய சகபாடி ஒருவர் அழைக்க, போன இடத்தில், பங்களாவுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த கொட்டகையில், கிழிந்த தார்ப்பாய்க்கடியிலிருந்து ஒரு கம்பிச் சக்கரம் வெளியே தெரிந்தது. தார்ப்பாயை நான் உடனே தூக்கவில்லை. பம்பு வேலையை முழுவதும் முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் தூக்கினேன். 1949-இல் வந்த கார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் புதிதாகத் தருவித்து, ஊர் திரும்பும்போது தோட்டத்துக்கே கொடுத்துவிட்டுப் போனதாம். முப்பது வருஷமாக நகரவில்லை. என் சேமநிதியில் ஒரு பகுதி அன்றே அதற்கென்று நிர்ணயமாகிவிட்டது; செப்பனிட ஆன செலவு, வாங்கிய விலையின் இரண்டு பங்கு.

கோயம்புத்தூரைப் போல இதற்கு வாய்த்த ஊர் வேறு இல்லை. வார்ப்படச் சாலையும், பாட்டர்ன் செய்யும் தச்சரும், லேத் பட்டறையும் ஒரே தெருவில் கிடைக்கும் ஊர் இது. எம்.ஜி. டி.ஸி.யின் உடல் வெறும் தகரம் அல்ல. இரும்புச் சட்டத்தின் மேல் ஆஷ் என்ற மரத்தால் ஒரு கூடு கட்டி, அதன்மேல்தான் தகட்டை அறைந்திருக்கிறார்கள். குன்னூர் மழையும் கறையானும் சேர்ந்து அந்த மரத்தைக் கையால் பிய்க்கும்படி ஆக்கியிருந்தன. மாட்டு வண்டி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஓர் ஆசாரி, அறுபது வயதைத் தாண்டியவர், வந்து பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். அது தொங்கிப்போய்க் காலில் இடித்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உளுத்த துண்டொன்றை முகர்ந்து பார்த்து, "இது நம்மூரு மரமில்லீங்க. ஆனா செஞ்சவன் நம்ம ஆளுதானுங்க. பாருங்க, நாரு ஓடற பக்கமாவே வளைச்சிருக்கான்" என்றார். அறுபது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஒரு தச்சன் செய்த வேலையை, நாரின் போக்கைக்கொண்டே இனங்கண்டு பாராட்டிய அந்தக் கணம், எனக்குக் காரின் முதல் ஓட்டத்துக்குக் குறைந்ததல்ல. கறையான் அண்டாத பழைய தேக்கை, இடித்த வீடொன்றின் உத்தரத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு துண்டையும் பழைய துண்டின் மேல் வைத்துக் கோடு கிழித்து, பதினான்கு மாதத்தில் கூட்டை முடித்தார். இன்று அந்தக் கதவு இரண்டு விரலால் தள்ளினால் கிளிக்கென்று மூடிக்கொள்ளும்.

என்ஜின் வேறொரு புதிர் வைத்தது. என் மெக்கானிக் மிகுந்த பொறுமைசாலி. இங்கிலீஷ் வண்டி என்பதால் விட்வொர்த் ஸ்பானர்களைத் தேடிப் பிடித்து வந்தார். போல்ட்டின் தலைக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் போல்ட்டைக் கழற்றி, அதன் மரைக்குச் சமமான விட்வொர்த் நட்டைப் போட்டால் ஏறமாட்டேன் என்கிறது. ஒரு வாரம் இப்படிப் போராடியபின், மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்தால், மரை மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது! இங்கிலீஷ் தலை, பிரெஞ்சு உடல். காரணம் பிற்பாடு தெரிந்தது. முதல் மகாயுத்தத்தின்போது பிரான்ஸின் ஹாட்ச்கிஸ் ஆயுதக் கம்பெனி தன் யந்திரங்களுடன் கவென்ட்ரிக்கு வந்து ஒரு தொழிற்சாலை நிறுவியது. யுத்தத்துக்குப் பிறகு அங்கே மோரிஸுக்கு என்ஜின் செய்தார்கள். 1923-இல் மோரிஸ் அதை வாங்கிவிட்டார். யந்திரங்கள் மெட்ரிக் மரைதான் வெட்டும். ஆனால் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையிலும் இருப்பது விட்வொர்த் ஸ்பானர். ஆகையால் மரையை அப்படியே விட்டு, தலையை மட்டும் ஊர் ஸ்பானருக்குத் தக்கபடி அமைத்தார்கள். அந்த வழக்கம் டி.ஸி. வரைக்கும் தொடர்ந்து வந்திருக்கிறது. கையடக்கமான ஒரு போல்ட்டுக்குள் இரண்டு தேசங்களின் சரித்திரம் பதுங்கியிருந்ததைக் கண்டு என் மெக்கானிக் அதைத் துடைத்து, கழுத்திலிருந்த துண்டின் முனையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

உறுப்புகள் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை, டி.ஸி.யின் உறுப்புகளில் அநேகமாக எல்லாவற்றையும் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கஷ்டம் பெட்ரோலில் வந்தது. இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய்களை அது மெல்ல மெல்ல இளக்கிவிடுகிறது. குழாய்கள் முழுவதையும் புதிய ரகத்துக்கு மாற்றினோம். பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் இதை உடனே கவனிக்கவேண்டும். பெட்ரோல் கசிந்து சூடான என்ஜினில் சொட்டினால் அத்தனை வருஷத்துச் சிரத்தையும் ஒரு நிமிஷத்தில் சாம்பலாகும்.

பதிவும் சுலபமாயிற்று. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த வாகனங்களுக்கென்று மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. 20,000 ரூபாய் கட்டணம். பத்து வருஷத்துக்குச் செல்லும். மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்ற இரண்டு எழுத்துகள் வரும் எண். தினசரிப் பிரயாணத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும், ஆராய்ச்சிக்கும் ஓட்டலாம். இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். பழைய தகட்டை, எம்.எஸ். என்று தொடங்கும் சென்னை ராஜதானிக் காலத்து எண்ணுடன், கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

இனி, முதல் ஓட்டத்துக்கு வருகிறேன். 2018 ஜனவரியில், ஒரு விடியற்காலை. சாவியைத் திருப்பியதும், முன்புறத்தில் மறைந்திருக்கும் எஸ்.யூ. பெட்ரோல் பம்பு டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்பரேட்டர்கள் நிரம்ப நிரம்ப நிதானித்து, கடைசியில் ஒரே ஒரு டிக்குடன் மௌனமாகும். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கவேண்டும். இழுத்தேன். பிடித்துக்கொண்டது. மெக்கானிக்கும் ஆசாரியும் ஒதுங்கி நின்றார்கள். முதலில் நான் தனியாகத்தான் போகவேண்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

ரேஸ் கோர்ஸைச் சுற்றி இரண்டு வட்டம் போயிருப்பேன். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று பார்க்கலாமென்று கண்ணைத் தாழ்த்தினேன். எனக்கு நேரே இருந்தது ஸ்பீடாமீட்டர் அல்ல. என்ஜினின் சுற்றுகளைக் காட்டும் மீட்டர். நடுவில் ஆயில் பிரஷர். ஸ்பீடாமீட்டர், பலகையின் கோடியில், இடப்பக்கத்து ஆசனத்துக்கு எதிரே இருந்தது! ஏழு வருஷமாக அந்தப் பலகையைக் கழற்றி, மெருகேற்றி, என் கையாலேயே திரும்ப மாட்டியிருக்கிறேன். ஆனால் ஓட்டுகிறவனின் ஆசனத்தில் அமர்ந்து, ஓடும் வண்டியிலிருந்து அதைப் பார்க்கவேண்டிய அவசியம் அன்றுவரைக்கும் வந்ததில்லை. ஸ்டியரிங் வளையமும் என் இடது கையும் அதைப் பாதி மறைத்தன. சாய்வாகப் பார்த்தால் முள் ஒரு எண்ணிலும் அதன் நிழல் வேறொன்றிலும் நின்றன. நன்றாகப் பார்ப்பதற்குள் சாலை கைவிட்டுப் போய்விடும். அபிங்டன்காரர்கள், ஓட்டுகிறவனுக்கு என்ஜினின் மூச்சுத் தெரிந்தால் போதும் என்று கருதினார்கள் போலும்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஐம்பத்தேழு வருஷமாக நான் நம்பியிருந்தது, வைத்தியர் ஒரு குழந்தையைக் குஷிப்படுத்துவதற்காக எண் சொல்லச் சொன்னார் என்றுதான். உண்மையில், அந்த மனிதருக்கு வேகம் தெரியவில்லை. நான் சொன்னதை வைத்துக்கொண்டே அவர் காலை அழுத்தினார், தளர்த்தினார். ஐம்பத்திரண்டு என்று நான் கத்தியதைக் கேட்டுத்தான் நிதானித்திருக்கிறார். அந்தக் காரை அன்று ஓட்டியதில் ஒன்பது வயதுப் பையனுக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இதை அவரிடம் போய்ச் சொல்ல முடியாது என்ற துக்கம் அன்று என்னை வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார வைத்தது.

சென்ற மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூலூர்ப் பக்கம் நடந்த பழைய வாகன அணிவகுப்பு ஒன்றுக்குப் புறப்பட்டோம். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த என் மனைவி, தலையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இடப்பக்கத்தில் ஏறினாள். லக்ஷ்மி மில் முக்கைத் தாண்டினோம். அவிநாசி சாலையில், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்துக் கிலோமீட்டருக்கு எழுந்து நிற்கும் புதிய மேம்பாலத்தின் நிழலிலேயே, பழைய சாலையின் தடத்தைப் பிடித்துப் போனோம். வருகைப் பதிவேடு படிக்கும் குரலில், ஒரு தப்பில்லாமல், முள் காட்டுவதை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நீலாம்பூரைக் கடந்ததும் சாலை விரிந்தது. முன்னும் பின்னும் வண்டி இல்லை. என்ஜினின் சுருதி ஏறியது.

"நாப்பத்தஞ்சு... நாப்பத்தேழு..." என்றவள், சற்று நிறுத்தி, "டாக்டர்கிட்ட அன்னைக்கி எத்தனை சொன்னீங்க?" என்றாள்.

"ஐம்பத்திரண்டு."

குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முள்ளை உற்றுப் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டுங்க. இன்னும் நாலு இருக்குது."